கேற்றடியில் நின்ற அரை மணித்தியாலம்

2020 டிசம்பர் 2ஆம் திகதி பின்னேரம் நான் எங்கள் வீட்டுக் கேற்றைப் பிடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் நின்றேன். புரெவி புயல் அன்றிரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறும் என்று வானொலியில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடலோரத்தில் இருந்தவர்கள் உடுப்புப் பையோடு பள்ளிக்கூடங்களுக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். திருகோணமலையில் எங்கள் ஒழுங்கையில் இருந்து கடலுக்கு நடந்தால் ஐந்து நிமிடம். வீட்டுக்குள் அம்மா. பாரிசவாதம் வந்து இரண்டு வருடம், வலப்பக்கம் இயங்காது. கணவருக்குக் கொழும்பில் வேலை. எங்கள் தலைக்கு மேலே அஸ்பெஸ்டஸ் சீற், அதற்கும் மேலே பக்கத்து வளவுத் தென்னை.

அந்தத் தென்னையால்தான் நாங்கள் இரண்டு வீட்டுக்காரரும் கதைப்பதில்லை. ஒருநாள் தேங்காய் விழுந்து சீற் உடைந்தது. நான் போய்க் கேட்டேன். பக்கத்து வளவு அண்ணை ஒன்று சொன்னார், நான் இரண்டு சொன்னேன். அதற்குப் பிறகு பத்திரகாளி அம்மன் கோவிலில் நேருக்கு நேர் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனோம். இரண்டு வருடம் அப்படியே போயிற்று.

அவருடைய வீடு மேலே பிளாற் போட்ட கொங்கிறீற் வீடு. வாசலில் கார் நிற்கிறது. அம்மாவைத் தூக்க வளர்ந்த இரண்டு மகன்மார் இருக்கிறார்கள். எனக்குத் தேவையான அத்தனையும் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. காற்று எழும்பிவிட்டது, தென்னோலை சீற்றில் உரசுகிற சத்தம் கேட்கிறது. ஆனாலும் என் கால் எழும்பவில்லை. என்ன சொல்லிக் கேட்பது, அவர் பழையதை எடுத்தால் என்ன செய்வது என்று வாயில் வசனம் கூட்டிக்கொண்டு நின்றேன்.

கடைசியில் போய்க் கேட்டது என் மகள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே என்னைத் தாண்டி ஓடிப்போய் அவர்கள் கேற்றைத் தட்டி, "மாமா, அம்மம்மாவைத் தூக்க ஒருக்கா வாறீங்களா?" என்றாள். ஒரு வசனம், அவ்வளவுதான். அண்ணையும் மகன்மாரும் ஒரு பிளாஸ்ரிக் கதிரையோடு வந்தார்கள். அம்மாவை அதில் இருத்தி, சாறத்தால் இடுப்பைச் சுற்றிக் கட்டி, நான்கு பக்கமும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றிரவு அவர்கள் வீட்டு நடு அறையில் எல்லோரும் படுத்திருந்தோம்.

விடிந்து பார்த்தால் குசினிப் பக்கத்துச் சீற் இரண்டு பறந்திருந்தது. தென்னை நின்றது. தேத்தண்ணி தரும்போது அண்ணை சொன்னது இன்றும் காதில் நிற்கிறது. "தங்கச்சி, நீங்கள் கேப்பீங்கள் எண்டு நான் நாலு மணிக்கே காரை வெளிய எடுத்து வச்சனான். கேக்காமல் வந்தால் என்ன நினைப்பீங்களோ எண்டுதான் வரேல்லை."

அவரும் அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறார்.

இதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அயலட்டை உதவி என்றவுடன் கொடுக்கிற மனம் இருக்கிறதா என்றுதான் எல்லோரும் பேசுவார்கள். எங்கள் ஒழுங்கையில் பதினேழு வீடு. கொடுக்கிற மனம் இல்லாத வீடு ஒன்றையும் நான் காணவில்லை. கேட்கத்தான் எங்களுக்கு வாய் வரவில்லை. நம் பழக்கத்தைப் பாருங்கள். கல்யாண வீட்டுக்குச் சொல்லாமல் போகமாட்டோம், செத்த வீட்டுக்குச் சொல்லாமலே போவோம். செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. பக்கத்து வீட்டுக் குசினியில் இருந்து சோறும் கறியும் தானாக வரும். ஒருவர் இறந்தால் இவ்வளவு ஒழுங்காக நடக்கிறது. உயிரோடு இருக்கிற ஒருவருக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்குப் போக ஆள் இல்லையென்றால் என்ன செய்வது என்பதற்குத்தான் எங்களிடம் முறை ஒன்றும் இருக்கவில்லை.

புரெவி போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஒழுங்கையின் நடுவில் இருக்கிற ஓய்வுபெற்ற ரீச்சர் வீட்டு முற்றத்தில் ஏழெட்டுப் பேர் கூடினோம். கொரோனாக் காலம் என்பதால் தள்ளித் தள்ளி நின்றுதான் கதைத்தோம். ரீச்சர் ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்து, வீடு வீடாக என்ன பொருள் இருக்கிறது என்று எழுதத் தொடங்கினார். ஏணி, அலவாங்கு, கோடாலி, தண்ணி மோட்டர், பெரிய கிடாரம், மூச்சு இழுப்புக்காரருக்கு ஆவி பிடிக்கிற மெஷின். ஒரு வீட்டில் சக்கர நாற்காலி ஒன்று தூசி பிடித்துக் கிடந்தது; அவர்களின் தகப்பனார் இறந்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்தார்களாம். அம்மாவை இரண்டு வருடமாகக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக நான் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டேன். ஐந்து வீடு தள்ளி அந்த நாற்காலி இருந்திருக்கிறது.

அடுத்த பக்கத்தில் யாருக்கு என்ன தெரியும் என்று எழுதினோம். இதில்தான் எனக்கு அதிகம் வியப்பு. வாடகைக்கு இருந்த சிங்களக் குடும்பத்து அக்கா, சிங்களத்தில் வருகிற கடிதங்களை வாசித்துச் சொல்லவும் படிவம் நிரப்பவும் தானே முன்வந்தார். இந்த ஊரில் அது எவ்வளவு பெரிய உதவி என்று எங்களுக்குத்தான் தெரியும். பதிலுக்கு அவருடைய மகனுக்கு ரீச்சர் தமிழ் சொல்லிக்கொடுத்தார். சந்தியில் கடை வைத்திருக்கும் நானாவுக்கு மொத்த வியாபாரிகள் எல்லோரையும் தெரியும். வேலை இல்லாமல் திரிகிறான் என்று நாங்கள் நினைத்த ஒரு தம்பிக்குத் தண்ணி மோட்டர், மின்விசிறி எல்லாம் கழற்றிப் பூட்டத் தெரியும். கரண்ட் கம்பியில், மீற்றரில் மட்டும் யாரும் கைவைக்கக் கூடாது, அதற்கு 1987க்கு அழைப்பது என்று அன்றைக்கே முடிவெடுத்தோம். அட்டையின் உட்பக்கம் பெரிதாக எண்களை எழுதினோம்: அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவம் 117.

1990 பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது இலவச அம்புலன்ஸ். ஆனால் எங்கள் ஊரில் ஒழுங்கைக்குள் ஒழுங்கை. இரவில் வந்தால் வீட்டைப் பிடிக்கத் தடுமாறுவார்கள். ஆகவே அழைத்தவுடன் ஒருவர் டோர்ச் லைற்றோடு ஓடிப்போய்ச் சந்தியில் நிற்க வேண்டும் என்பதை வழக்கமாக்கினோம். நோயாளி வீட்டுக்காரர் அதைச் செய்யக் கூடாது, அவர்கள் நோயாளியோடு இருக்கட்டும். முன் வீட்டுக்காரர் போவார். இந்தச் சின்ன ஒழுங்கு ஒரு முறை நெஞ்சு நோ வந்த ஒருவரின் நேரத்தை மிச்சப்படுத்தியது. நான் கண்ணால் கண்டேன்.

யார் தனியாக இருக்கிறார், யார் இன்சுலின் போடுகிறார், யார் கர்ப்பிணி என்பதையும் எழுதலாம் என்று ஒருவர் சொன்னார். ரீச்சர் மறுத்துவிட்டார். "கொப்பி எல்லாற்ற கையிலயும் போகும் பிள்ளையள். வருத்தத்தை எழுதி வைக்கக் கூடாது." அவை அவர் மனதிலும் இன்னும் இரண்டு பேர் மனதிலும் மட்டும் இருந்தன. எந்த வீடு எத்தனை நாள் பூட்டிக் கிடக்கும் என்பதையும் எழுதுவதில்லை. அது சரியான முடிவு என்று பிறகு பலமுறை நினைத்தேன்.

கேட்கிற விதத்தையும் நாங்கள் மெல்ல மெல்லத்தான் பழகினோம். "உதவி ஒண்டு தேவைப்படும் போல கிடக்கு" என்று இழுத்தால் கேட்பவருக்குப் பயம் வந்துவிடும். எவ்வளவு பெரிய பொறுப்போ என்று நினைப்பார். "வியாழக்கிழமை காலமை ஏழு மணிக்கு அம்மாவைக் கிளினிக்கில இறக்கி விடுவீங்களா? திரும்ப வர ஓட்டோ பிடிச்சிட்டன்" என்று கேட்டால் அவரால் உடனே ஆம் இல்லை சொல்ல முடியும். நாள், நேரம், என்ன வேலை, எதில் முடியும் என்ற நான்கும் கேள்விக்குள் இருக்க வேண்டும். இல்லை என்று சொல்கிறவரிடம் காரணம் கேட்கக் கூடாது. இதைப் பழக எனக்கே ஒரு வருடம் எடுத்தது. "ஏன் ஏலாது?" என்று ஒரு தடவை கேட்டால் போதும், அடுத்த முறை அவர் உங்களைக் கண்டு ஒதுங்குவார்.

இப்படியெல்லாம் பழகியிருந்ததால்தான் 2022இன் பொருளாதார நெருக்கடியைக் கடந்தோம் என்று உறுதியாகச் சொல்வேன்.

அந்த வருடத்தை அனுபவித்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வெளிநாட்டில் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 2,675 ரூபாயில் இருந்து ஏப்ரல் கடைசியில் 4,860 ரூபாயாக ஏறியது. அந்தக் காசைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றாலும் சிலிண்டர் கிடைப்பதில்லை. சீனக்குடாவில் அவ்வளவு எண்ணெய்த் தாங்கிகள் இருக்கிற மாவட்டம் இது. பெற்றோல் செட்டில் ஆட்கள் இரவு முழுக்க மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நித்திரை கொண்டார்கள்.

முதலில் அடுப்பு. எங்கள் ஒழுங்கையில் பாதிப் பேருக்கு விறகு அடுப்பே இல்லை. குசினிகளைச் சின்னதாக்கி, புகைபோக்கியை எல்லாம் உடைத்துவிட்டோம். தென்னை வீட்டு அண்ணையின் பின்வளவில் மூன்று கல் வைத்து ஒரு பொது அடுப்பு போட்டோம். காலையில் அவரவர் சமையல். மதியச் சோறு மட்டும் ஆறு வீட்டுக்குச் சேர்த்து ஒரே கிடாரத்தில். கறியை அவரவர் வீட்டில் முடிந்தபடி. சோறு வடித்தவுடன் அந்த நெருப்பிலேயே பருப்புச் சட்டி ஏறும், பருப்பு இறங்கினால் குளிக்க வார்க்க அம்மாவுக்குச் சுடுதண்ணி. ஒரு முறை மூட்டிய நெருப்பை வீணாக அணைக்கவே மாட்டோம். விழுகிற பாளை, பன்னாடை, கொக்கரை, தேங்காய் மட்டை எல்லாம் விறகு. எங்கள் சீற்றை உடைத்த அதே தென்னையின் மட்டைதான் அந்த மாதங்களில் எங்கள் வீட்டுச் சோற்றை வேகவைத்தது.

ஒரு கவனக்குறைவையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் மழை என்று அடுப்பைக் கராஜுக்குள் கொண்டுபோய்க் கதவைப் பாதி சாத்திவிட்டார்கள். அரை மணித்தியாலத்தில் சமைத்த அக்காவுக்குத் தலைசுற்று, சத்தி. மூடிய இடத்தில் விறகோ கரியோ எரிப்பது ஆபத்து, வருகிற நச்சுவாயுவுக்கு மணமும் இல்லை. வெளியே காற்றில் இருத்திய பிறகுதான் அவருக்குத் தெளிந்தது. மழை என்றால் மேலே மட்டும் தகரம் பிடிக்க வேண்டும். நான்கு பக்கமும் திறந்திருக்க வேண்டும்.

அதைவிட என்னைப் பயமுறுத்தியது அம்மாவின் இன்சுலின். அம்மாவுக்குச் சீனி வருத்தமும் இருந்தது. கரண்ட் இல்லாத பிரிஜ், கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் நான்கு மணித்தியாலம் வரைக்கும்தான் குளிரைத் தாங்கும். மீன்பிடித் தொழில் செய்யும் தம்பி ஒருவர் எங்கள் ஒழுங்கைக் கடைசியில் இருக்கிறார். கேட்டவுடன் ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டி ஒன்றைத் தந்தார். நான் சந்தோசத்தில் மருந்துப் போத்தலை ஐஸுக்குள் தாட்டுவிடப் பார்த்தேன். நல்லவேளை, அடுத்த நாள் கிளினிக் என்பதால் முதலில் அங்கே இருந்த நேர்ஸிடம் கேட்டேன். இன்சுலின் உறைந்தால் அவ்வளவுதான், உருகிய பிறகும் பாவிக்க முடியாது, ஐஸில் நேரே படவே கூடாது என்றார். திறந்து பாவிக்கத் தொடங்கிய போத்தலை வெயில் படாத குளிர்ச்சியான இடத்தில், 30 பாகைக்குக் கீழே, வெளியிலேயே நான்கு கிழமை அளவுக்கு வைக்கலாம். உங்கள் மருந்துப் பெட்டிக்குள் இருக்கிற தாளையும் பாருங்கள் என்றும் சொன்னார். சித்திரை வெயிலில் எங்கள் ஊரில் 30 பாகைக்குக் கீழே எங்கே போவது? அதற்கு ரீச்சர் பழைய வழி ஒன்று சொன்னார். பெரிய மண்சட்டிக்குள் ஈர மணல், அதற்குள் சின்ன மண்சட்டி, அதற்குள் போத்தல், மேலே ஈரத்துணி. காற்றுப் படுகிற நிழலில் வைத்து மணல் காயாமல் தண்ணி தெளித்துக்கொண்டிருந்தால் உள்ளே நல்ல குளிர்ச்சி. திறக்காத போத்தல்கள் மட்டும் துணியில் சுற்றி, டப்பாவுக்குள் போட்டு, ஐஸுக்குத் தள்ளி ரெஜிபோம் பெட்டியில். ஒழுங்கையில் இன்னும் இரண்டு பேரின் மருந்தும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. யாருடையது என்று பெயர் எழுதி ஒட்டினோம். ஒருவருடைய மருந்தை மற்றவர் கடன் வாங்குவது மட்டும் இல்லவே இல்லை. இன்சுலினில் பல வகை உண்டு, மாறினால் உயிருக்கே வினை.

அந்தத் தம்பிக்கு நாங்கள் என்ன செய்தோம் என்று நீங்கள் கேட்கலாம். அவருடைய படகு எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுவது. மண்ணெண்ணெய் இல்லாமல் கிழமைக்கணக்கில் கடலுக்குப் போகவில்லை. பிறகு ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாய் விற்றது ஒரேயடியாக 340 ஆனது. அவர் வரிசையில் நிற்கும் நாட்களில் அவருடைய இரண்டு பிள்ளைகளும் எங்கள் கிடாரத்தில் சாப்பிட்டார்கள். வரிசையில் அவருக்காக நாங்கள் மாறி மாறிக் கான் வைத்துக்கொண்டு நின்றோம். கடலுக்குப் போன அன்று சூடை மீனோ, சாளையோ, எது பட்டதோ அதில் ஒரு பங்கு அடுப்படிக்கு வந்துவிடும்.

ஜூலை கடைசியில் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. அளவு தெரிந்தவுடன் எங்களுக்கு நிம்மதி, ஏனென்றால் இனித் திட்டம் போடலாம். யார் எந்த நாள் எங்கே போகிறார் என்று கொப்பியின் பின்பக்கத்தில் எழுதினோம். ஆஸ்பத்திரிக் கிளினிக் முதலில், பிறகு பள்ளிக்கூடம், மற்றதெல்லாம் சைக்கிள் அல்லது நடை. அண்ணையின் கார் கிழமையில் இரண்டு நாள் மட்டும் வெளிக்கிடும், வெளிக்கிட்டால் நான்கு பேரோடுதான் போகும். மற்றவரின் அட்டையில் பெற்றோல் அடிப்பது, வாங்கியதைப் போத்தலில் ஊற்றி வீட்டில் வைப்பது இரண்டையும் தவிர்த்தோம். முதலாவது சட்டச் சிக்கல், இரண்டாவது நெருப்பு. வாகனத்தைப் பகிர்ந்தால் எண்ணெயைப் பகிரத் தேவையே வராது.

எங்களுக்குப் பிழைத்த இடங்களும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும்.

தையல் அக்கா ஒருவர் தினமும் பொது அடுப்புக்கு வந்து வேலை செய்வார். அரிசி களைவார், சட்டி கழுவுவார். சாப்பாடு போடும்போது மட்டும் "பிள்ளையள் சாப்பிட்டுட்டுதுகள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். கரண்ட் இல்லாமல் அவருடைய மெஷின் ஓடவில்லை, தைக்கக் கொடுப்பவர்களும் குறைந்துவிட்டார்கள், வீட்டில் அரிசியே இல்லை. பங்குக்கு அரிசி தராமல் சோறு வாங்க அவருக்கு மனம் வரவில்லை. இது எங்களுக்குத் தெரிய மூன்று கிழமை எடுத்தது. ஆறு வீடு ஒன்றாகச் சமைத்த இடத்தில், பக்கத்தில் நின்ற ஒருவர் பட்டினி. நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. யார் எவ்வளவு அரிசி தந்தார் என்று அளந்து எழுதிக்கொண்டிருந்தது நான்தான். அந்தக் கணக்குத்தான் அவருடைய வாயை அடைத்தது.

அடுத்த நாளில் இருந்து கணக்கை மாற்றினோம். அரிசி போட ஏலுமானவர் ஏலுமான அளவு பெட்டிக்குள் போடுவது, யாரும் பார்த்து எழுதுவதில்லை. சோறு தலைக்கணக்குப்படி எல்லா வீட்டுக்கும், கேட்காமலே, பாத்திரத்தில் போட்டு மூடி அனுப்புவது. அடுத்த பங்கு யாருக்கு, எத்தனை தலை என்ற பொறுப்பைத் தையல் அக்காவிடமே கொடுத்தோம். கேட்க வாய் வராதவரிடம் நாங்கள்தான் போய் ஒன்றைக் கேட்க வேண்டும் என்பது அப்போது விளங்கியது. "அக்கா, எனக்கு இது ஏலாமல் கிடக்கு, நீங்கள் பாருங்கோவன்" என்று கேட்டால் அவரும் ஒருநாள் தன் தேவையைச் சொல்லுவார். சொன்னார், இரண்டு மாதம் கழித்து, மகளின் பள்ளிக்கூடச் சப்பாத்து ஒன்றுக்காக.

இன்னொன்று என் பிழை, அது இன்னும் சரிவரவில்லை. ஒருவர் ரீச்சர் மூலமாகக் கைமாற்றாகக் கொஞ்சக் காசு கேட்டிருந்தார். அது எனக்கும் தெரியும். நான் கவலையோடு என் தங்கைக்குத் தொலைபேசியில் சொன்னேன், அவள் ஒருவருக்குச் சொல்ல, அது கடையடிக்கு வந்துவிட்டது. அவர் இன்றைக்கும் என்னோடு கதைப்பதில்லை. இரண்டு முறை வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், கேட்டுக்கொண்டார், ஆனால் பழையபடி வரவில்லை. அதன் பிறகு காசு விசயம் கொப்பிக்கோ கூட்டத்துக்கோ வருவதில்லை. கொடுப்பவரும் வாங்குபவரும் இரண்டு பேர், அவ்வளவுதான்.

பொருள் கொடுப்பதில் பிரச்சினை சின்னது. தண்ணி மோட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கிய வீட்டில் கிணறு வற்றியது தெரியாமல் ஓடவிட்டு எரித்துவிட்டார்கள். ஓடுகிற மெஷின் எதுவானாலும் அதைப் பாவிக்கத் தெரிந்தவர் கூடப் போக வேண்டும் என்று அதற்குப் பிறகு வைத்துக்கொண்டோம். ஏணியும் அலவாங்கும் தனியாகப் போகலாம், பொழுதுபடத் திரும்பி வந்துவிட வேண்டும்.

நெருக்கடி குறைந்த பிறகு கொப்பி தூங்கிவிடும் என்றுதான் நினைத்தேன். பலவும் குறைந்தது உண்மைதான். பொது அடுப்பு போய்விட்டது, எல்லோரும் காஸுக்குத் திரும்பிவிட்டோம். ஆனால் ஞாயிறு காலை ஒரு மணித்தியாலம் நிற்கிறது, டெங்குக்காக. 2017இல் கிண்ணியாவில் டெங்கு என்ன பாடு படுத்தியது என்று எங்கள் மாவட்டத்தில் மறந்தவர்கள் இல்லை. முட்டை நுளம்பாக ஒரு கிழமை முதல் பத்து நாள் எடுக்கும், ஆகவே கிழமைக்கு ஒரு முறை பார்த்தால் பிடிக்கலாம். பீலிக்குள் தேங்கிய சருகு, பிரிஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு, பூச்சட்டித் தட்டு, யோகட் கோப்பை, சிரட்டை. தண்ணியை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, பாத்திரத்தின் உட்பக்கத்தைத் தும்பால் தேய்க்க வேண்டும். முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கனடாவில் இருப்பவர்களின் பூட்டிய வீடு எங்கள் ஒழுங்கையில் இரண்டு. அவர்களிடம் கேட்டுத் திறப்பு ஒன்றை வாங்கி வைத்திருக்கிறோம், இரண்டு பேர் சேர்ந்துதான் திறந்து போவோம், கொமெட்டில் தேங்கிய தண்ணி உட்பட எல்லாம் பார்ப்போம். காய்ச்சல் என்றால் பரசிற்றமோல் தவிர வேறு நோக்குளிசை வேண்டாம், மூன்றாம் நாளுக்குள் இரத்தம் சோதிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கே இப்போது பாடம். இரவில் ஒழுங்கைக்குள் வருகிற மான்கள் வேலியோரம் வைத்த பூக்கன்றைக் கடித்துவிட்டுப் போய்விடும், சட்டி மட்டும் மிஞ்சும். வெறும் சட்டியில் மழைத்தண்ணி நிற்கும். அதையும் கவிழ்த்து வைக்க வேண்டும். மான்களைக் கலைக்கச் சொல்லவில்லை; அவை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மாதிரி. பொலித்தீன் பையில் மிச்சச் சாப்பாடு கட்டி வெளியே போடாதீர்கள், பையோடு தின்றுவிடும்.

அம்மா 2023இல் இறந்துபோனார். அன்றைக்கு என் வீட்டில் நான் ஒன்றும் செய்யவில்லை. பந்தல், கதிரை, தேத்தண்ணி, எட்டுச் செலவு வரைக்கும் சாப்பாடு எல்லாம் நடந்தது. கணவர் கொழும்பில் இருந்து வந்து சேரும்வரை அம்மாவுக்குப் பக்கத்தில் தையல் அக்கா இருந்தார். அம்மா பாவித்த அந்தச் சக்கர நாற்காலியைக் கழுவி ரீச்சர் வீட்டுக்கு அனுப்பினேன். இப்போது அது நான்காவது வீட்டில் இருக்கிறது.

தென்னை இன்னும் நிற்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஆள் பிடித்துப் பறிக்கிறோம், கூலி பாதிப் பாதி, தேங்காய் அவர்களுக்கு, விழுகிற மட்டையும் ஓலையும் எனக்கு. அண்ணையின் மகன்மார் இரண்டு பேரும் வெளிநாடு போய்விட்டார்கள்.

போன மாதம் ஒரு பின்னேரம் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன். வேலிக்கு மேலால் பார்த்தால் அண்ணை அவர் வீட்டுக் கேற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கண்ணில் வெள்ளை படர்ந்து ஒப்பரேசன் செய்து இரண்டு நாள். றோட்டைப் பார்க்கவில்லை, என் வீட்டையும் பார்க்கவில்லை. அந்த நிலை எனக்குத் தெரியும். விளக்குமாற்றைப் போட்டுவிட்டுப் போய், "என்ன அண்ணை வேணும்?" என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கண்ணுக்கு மருந்து விடவேணும் தங்கச்சி. இவவுக்குக் கை நடுங்குது, கன்னத்தில விழுது. நேரத்துக்கு விடச் சொன்னவை" என்றார்.

காலை ஆறு மணி, பத்து மணி, பின்னேரம் இரண்டு மணி, ஆறு மணி, இரவு பத்து மணி. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும், போத்தல் நுனி கண்ணில் படக் கூடாது, ஒரு துளி போதும். பகலில் நான் போகிறேன். இரவு பத்து மணித் துளியை மகள் விடுகிறாள்.